ஓடும்போது பெட்ரோல் போதவில்லை, நிற்கும்போது வழிகிறது

கேள்வி: என்னிடம் 1966 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் இரண்டு, எஸ்யூ கம்பெனியினுடையவை. கிளப்பியதும் அருமையாக ஓடுகிறது. இருபது நிமிடம் ஓடியபின் நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் இழுவை குறைந்து, குலுக்கிக் குலுக்கி ஓடி, நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. இரண்டு கார்புரேட்டருக்கும் ரிப்பேர் கிட் போட்டாயிற்று, பிளக்கும் ஃபில்டரும் மாற்றியாயிற்று. பிறகு தெரிந்தவர் சொன்னதைக் கேட்டு, பழையதைவிடப் பலமாகத் தள்ளும் புது எலெக்ட்ரிக் பம்ப் போட்டேன். வண்டி நிற்பது அப்படியே இருக்கிறது, போதாததற்கு இப்போது சிக்னலில் நின்றால் பின்பக்க கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. பெட்ரோல்-காற்று விகிதத்தை மாற்றும் மிக்ஸ்சர் நட்டை எவ்வளவு திருப்பியும் பிடிபடவில்லை. இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு வெபர் கம்பெனி கார்புரேட்டர் போட்டுவிடலாமா?

பதில்:

வெபர் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவசரமானது: அந்தச் சொட்டு நிற்கும் வரை வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், மேலே கார்புரேட்டர், கீழே எக்ஸாஸ்ட். வழியும் பெட்ரோல் நேராகக் கொதிக்கிற இரும்பின் பக்கம்தான் போகும். கிளாசிக் கார்கள் எரிந்துபோவதற்கு இது ஒரு முக்கியமான காரணம், அதனால் இதை ஒரு சின்ன ஒழுகலாக நினைத்து ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதைக் கவனியுங்கள். வண்டி நிற்பது பழைய பிரச்சினை. சொட்டுவது பம்ப் மாற்றிய பிறகு வந்தது. ஆகவே இரண்டையும் ஒரே நோயாக எடுத்துக்கொண்டு கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தால் ஒருநாளும் முடியாது. ஒன்று பெட்ரோல் வந்து சேராத பிரச்சினை, இன்னொன்று தேவைக்கு மேல் அழுத்தத்தோடு வருகிற பிரச்சினை. இரண்டாவதை முதலில் தீர்த்துவிடுவோம், அது சுலபம்.

எஸ்யூ கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில், அதாவது பெட்ரோல் தேங்கும் சின்னக் கிண்ணத்தில், பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் மிதந்து மேலே வந்து, மூடியில் இருக்கும் நீடில் வால்வை அழுத்தி மூடுகிறது. அந்தச் சின்ன ஃப்ளோட்டின் மிதக்கும் பலம்தான் பம்ப்பின் அழுத்தத்தை எதிர்த்து நிற்க வேண்டும். இந்த வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த எஸ்யூ பம்ப் 3 பிஎஸ்ஐ அழுத்தத்தில்தான் தள்ளும், வால்வும் ஃப்ளோட்டும் அதற்குத் தக்கபடி செய்யப்பட்டவை. பொதுவாகக் கிடைக்கும் பம்ப்புகளில் 5, 6, 7 பிஎஸ்ஐ தள்ளுபவை நிறைய உண்டு. அந்த அழுத்தத்தில் வால்வு முழுதாக மூடாது. நல்ல வேகத்தில் ஓடும்போது எஞ்சின் குடிக்கிற அளவு அதிகம் என்பதால் வழிவது தெரியாது, ஐடிலிங்கில் நிற்கும்போது குடிப்பது கொஞ்சம், வருவது அதிகம், அதனால் வழிகிறது. சிக்னலில் மட்டும் சொட்டுகிறது என்று நீங்கள் எழுதியது இதோடு சரியாகப் பொருந்துகிறது. 1966 வண்டி என்பதால் இன்னொன்றும் உண்டு: யாராவது மாற்றியிருந்தால் ஒழிய உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். எலெக்ட்ரானிக் பம்ப்புகளில் பல நெகட்டிவ் எர்த்துக்கு என்றே வருகின்றன, வயரிங்கைப் பார்க்காமல் மாட்டக் கூடாது.

பழைய பம்ப்பை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதைத் திரும்ப மாட்டுங்கள். அதன் பாயின்ட்ஸ் (கரன்ட்டை இணைத்து விடும் தொடுமுனைகள்) கருத்துப் போயிருந்தால் சுத்தம் செய்தால் போதும், பம்ப்பின் எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், வலது பின்சக்கரத்துப் பக்கம் சேறும் தண்ணீரும் படுகிற இடத்தில் இருப்பதால் அந்த இணைப்பு அடிக்கடி துருப்பிடிக்கும். பழைய பம்ப்பை மாட்டிய பிறகும் சொட்டினால் அந்தப் பக்க ஃப்ளோட் சேம்பர் மூடியின் மூன்று ஸ்க்ரூவையும் கழற்றி நீடில் வால்வைப் பாருங்கள். முனையில் ஒரு துகள் துரு உட்கார்ந்திருந்தாலே போதும், வால்வு மூடாது. ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள், உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்டால் அது ஓட்டை, மாற்றித்தான் ஆக வேண்டும். ரிப்பேர் கிட்டில் வந்த புது வால்வு என்பதற்காக அதை நம்பிவிடாதீர்கள், சரியாக உட்காராத புது வால்வுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட் கைக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே 3 மி.மீ.க்குச் சற்று மேலான டிரில் பிட் ஒன்றை வைத்து மட்டம் பார்க்கலாம். வால்வு மூடிய நிலையில் கை அந்தக் கம்பியை லேசாகத் தொட வேண்டும்.

இந்த வேலைகளை வெட்டவெளியில் செய்யுங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு, தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும், மூடிய ஷெட்டில் பக்கத்து மூலையில் ஒரு ஹீட்டர் எரிந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

சரி, இனி உண்மையான நோய்க்கு வருவோம்.

வண்டி நின்றதும் பத்து நிமிடம் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் தடயம் எல்லாம் அழிந்துபோகிறது. இந்த மாதிரி வந்து வந்து போகிற கோளாறை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்: மெக்கானிக் கைக்கு வரும்போது வண்டி நல்ல வண்டியாக இருக்கிறது, அவர் பாவம் கண்ணில் பட்டதை மாற்றுகிறார். நின்ற முதல் இரண்டு நிமிடத்தில் நீங்கள் செய்கிற சோதனைக்கு இணையாக எந்தப் புதுப் பாகமும் வராது.

நிற்கப் போகிறது என்று தெரிந்த உடனே, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரைப் பாருங்கள். உங்கள் மாடலில் அது இக்னிஷன், அதாவது பிளக்கில் பொறி உண்டாக்கும் மின்சார சர்க்யூட்டிலிருந்து வேலை செய்கிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே, அதாவது எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் பெட்ரோலை மறந்துவிடுங்கள், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போகிற கரன்ட் அறுந்திருக்கிறது. முள் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பெட்ரோல் மேல் சந்தேகம் வலுக்கிறது. பெட்ரோல் தீர்ந்து நிற்கிற வண்டி குலுக்கும், ஒரு விநாடி பிடிக்கும், மறுபடி விடும், ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் கொஞ்சம் சமாளிக்கும். இக்னிஷன் போனால் பெரும்பாலும் சுவிட்சை அணைத்தது போல டக்கென்று போகும். உங்கள் விவரிப்பு முதல் வகை. ஆனாலும் இக்னிஷனில் இருக்கும் கண்டென்சர் சூடானதும் பழுதாகி, ஆறியதும் சரியாகிற வழக்கம் உண்டு, அதுவும் குலுக்கலாகத்தான் தெரியும், அதனால் இக்னிஷனை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம்.

ஓரமாக நிறுத்தியதும் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பின்பக்கம் காதைக் கொடுங்கள். எஸ்யூ பம்ப் ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் டிக் என்று ஒரு சத்தம் போடும், இந்த பம்ப்பில் எனக்குப் பிடித்ததே அதுதான், என்ன செய்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாலைந்து டிக் அடித்து நின்றுவிட்டால் ஃப்ளோட் சேம்பர்கள் நிரம்பியிருக்கின்றன, பெட்ரோல் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அப்போது இக்னிஷன் பக்கம் திரும்புங்கள். நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது, அதாவது டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது ஹோஸ் வெடித்திருக்கிறது. சிரமப்பட்டு, இழுத்து இழுத்து, மெதுவாக அடித்தால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு. சத்தமே இல்லையென்றால் பம்ப் செத்திருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், அல்லது சேம்பர் முழுக்க நிரம்பியிருக்கலாம். கார்புரேட்டரில் பெட்ரோல் பைப்பைக் கழற்றிப் பார்த்தால்தான் எது என்று தெரியும், அதற்கு எஞ்சின் ஆறட்டும், சூடான எக்ஸாஸ்ட் மேலே பைப்பைக் கழற்ற வேண்டாம்.

சத்தத்தைக் கேட்டபடியே போய் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே பம்ப்பின் அடி வேகமாகிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், உங்கள் மாடலில் அது மூடி வழியாகத்தான் வருகிறது. மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலோ, யாராவது துளையில்லாத மூடியைப் போட்டுவிட்டிருந்தாலோ டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். இருபது நிமிடம் நன்றாக ஓடி, நின்று, சும்மா பத்து நிமிடம் இருந்தால் சரியாகிவிடுகிற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்ல உள்ளே கசிந்து வெற்றிடம் தீர்ந்துவிடுகிறது. கையால் திறந்து பார்க்கிற சோதனை, ஒரு ஸ்பேனர் கூட வேண்டாம், இருந்தும் யாரும் செய்வதில்லை.

மூடியில் குற்றமில்லை என்றால் டேங்குக்குள் இருக்கிற குப்பை. 1966-இல் செய்த இரும்பு டேங்க் அதே டேங்காக இருந்தால் உள்ளே துரு இல்லாமல் இருக்க வாய்ப்பில்லை, அதுவும் வண்டி மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நின்றிருந்தால் மேல்பாதி முழுக்கத் துருவாக இருக்கும். ஓடும்போது இந்தத் துருப்பொடி மெல்ல நகர்ந்து போய் உறிஞ்சு குழாயின் வாயில் படிகிறது, பம்ப் இழுக்க இழுக்க இன்னும் இறுகுகிறது. எஞ்சின் நின்று இழுப்பு விட்டதும் உதிர்ந்து அடியில் விழுந்துவிடுகிறது. திரும்பக் கிளப்பினால் நல்ல வண்டி. இதற்குச் சோதனை: பம்ப்புக்கு உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, டயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்ப்பால் மெதுவாக டேங்கை நோக்கி ஊதுங்கள். தடையில்லாமல் குமிழ் விடும் சத்தம் கேட்க வேண்டும். முதலில் அடைத்து, பிறகு திடீரென்று விட்டுக்கொடுத்தால் குழாய் வாயில் அடைப்பு இருந்திருக்கிறது, ஊதி விலக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அது அங்கேயேதான் இருக்கிறது, டேங்கை இறக்கியாக வேண்டும். இறக்கிப் பார்த்து உள்ளே துரு செதில் செதிலாகப் பெயர்ந்தால் உள்பூச்சு பூசிச் சமாளிப்பதைவிடப் புது டேங்க் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து, இந்த வண்டிக்குப் புதிதாகச் செய்தது கிடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் சில பழைய உள்பூச்சுகள் பாலாடை மாதிரி உரிந்து வந்து அதே குழாயை அடைத்துவிடுகின்றன. பழைய டேங்கை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் ஓட்டை அடைக்கச் சொல்வது வேண்டவே வேண்டாம். காலி டேங்கில் மிஞ்சியிருக்கும் ஆவி வெடிக்கும், காலி என்பதே அதிக ஆபத்து.

எத்தனால் என்றதும் ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸின் உள்சுவர் எத்தனாலில் ஊறி, மிருதுவாகி, உரிந்து நாக்கு மாதிரித் தொங்கும். வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். பம்ப் இழுக்கிற வேகம் கூடும்போது அந்த நாக்கு மடங்கி வழியை மூடிவிடும், வேகம் குறைந்தால் திறந்துவிடும். 80-க்குக் கீழே ஓடுகிறது, மேலே நிற்கிறது என்றால் இதையும் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கிழித்து உள்ளே விரலால் தேய்த்துப் பாருங்கள், விரலில் கருப்பு மை போல ஒட்டினால் வண்டியிலுள்ள எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். புது ஹோஸில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஆர்6 என்றால் பழைய தரம்.

இப்போது அளவெடுங்கள். கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி, ஒரு ஹோஸ் போட்டு, தள்ளி வைத்த பெட்ரோல் கேனுக்குள் விட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் பம்ப்பை மட்டும் ஓடவிடுங்கள். பத்து விநாடி பார்த்துவிட்டு நன்றாக வருகிறது என்று நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. நாலைந்து நிமிடம் விடுங்கள், ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கி.மீ.க்கு 10 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் போகும்போது நிமிடத்துக்குத் தேவை சுமார் 167 மி.லி.தான். ஐடிலிங்கில் அதில் ஒரு சின்னப் பங்கு. ஆகவே நிமிடத்துக்கு 100 மி.லி. மட்டும் வருகிற வண்டி ஊருக்குள் குறையே இல்லாமல் ஓடும், ஷெட்டில் நிறுத்தி டியூன் செய்யும்போது நெருப்பு மாதிரி இருக்கும், நெடுஞ்சாலையில் ஃப்ளோட் சேம்பரில் இருந்த இருப்பு தீர்ந்ததும் நிற்கும். முதல் நிமிடம் நிறைய வந்து மூன்றாவது நிமிடம் நூலாகக் குறைந்தால் குப்பை அல்லது வெற்றிடம். முதலிலிருந்தே குறைவாக வந்தால் ஹோஸ், பம்ப், அல்லது வண்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய் எங்காவது நசுங்கியிருப்பது. ஜாக் வைத்துத் தூக்கும்போது அந்தக் குழாயை நசுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது என்று யாராவது கட்டாயம் சொல்லியிருப்பார்கள். உங்கள் விஷயத்தில் அது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தத் தொல்லை பெரும்பாலும் சூடான வண்டியை அணைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்துக் கிளப்பும்போது வரும், அல்லது நெரிசலில் ஊர்ந்து போகும்போது வரும். உங்களுக்கு நேர்மாறாக, காற்று நன்றாக அடிக்கிற வேகத்தில் நிற்கிறது, அணைத்து வைத்தால் கிளம்புகிறது. மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

பெட்ரோல் சரியாக வந்து சேருகிறது என்று அளந்து உறுதியான பிறகுதான் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும், அதுவும் நட்டை இத்தனை தடவை திருப்பியிருப்பதால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, விரலால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள், தடையில்லாமல் இறங்கி டக் என்று உலோகச் சத்தத்தோடு உட்கார வேண்டும். உட்காராமல் தேய்ந்து இறங்கினால், பெட்ரோல் வரும் துளையான ஜெட் நடுவில் இல்லை, கிட் போட்டபோது சென்டர் செய்யாமல் விட்டிருப்பார்கள், உங்கள் மாடலில் பிஸ்டனோடு ஜெட்டுக்குள் இறங்கும் நீடில் அசையாத வகை என்பதால் அது கட்டாயம். அப்புறம் நட்டை மேலே ஏற்றி ஜெட்டை, பிஸ்டன் உட்காரும் பிரிட்ஜின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் பன்னிரண்டு முகம், கீழே இறக்குங்கள். இரண்டு கார்புரேட்டருக்கும் ஒரே மாதிரி. சோக்கை இழுத்து விட்டால் இரண்டு ஜெட்டும் முழுதாக மேலே திரும்புகின்றனவா என்று அடியில் விரல் வைத்துப் பாருங்கள், ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டு அந்தப் பக்க இரண்டு பிளக்கும் கரியாகிற வண்டிகள் ஏராளம். பிஸ்டனுக்கு மேலுள்ள டேஷ்பாட்டில் எண்ணெய் இருக்கட்டும், எஸ்ஏஇ 20 போதும்.

எஞ்சின் சூடான பிறகு, இக்னிஷன் பாயின்ட்ஸ் இடைவெளியும், பொறி விழும் டைமிங்கும் சரி என்று பார்த்த பிறகு, கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சின்ன பின்னை அழுத்தி பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), நட்டை ஒரு முகம் மேலே ஏற்றுங்கள். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு), ஒரு முகம் கீழே. இம்மியளவு கூடி, திரும்பப் பழைய வேகத்துக்கு வந்தால் அதுதான் வேண்டியது. ஒரு தடவைக்கு ஒரு முகத்துக்கு மேல் திருப்பாதீர்கள், ஒரு கார்புரேட்டரைத் தொட்டதும் மற்றதையும் மறுபடி சோதியுங்கள், ஒன்று மற்றதைப் பாதிக்கும். எப்படித் திருப்பியும் இந்த நிலை வராவிட்டால் எங்கோ காற்று கசிகிறது, பெரும்பாலும் ஆக்சிலரேட்டரோடு திரும்பும் த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து பக்கவாட்டில் ஆடும், பிடித்து ஆட்டிப் பார்த்தாலே தெரியும்.

இனி வெபர். அது நல்ல கார்புரேட்டர், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கும் ஃப்ளோட் சேம்பர் உண்டு, நீடில் வால்வு உண்டு, பெட்ரோல் அதே டேங்கிலிருந்து அதே குழாய் வழியாகத்தான் வர வேண்டும். இப்போது மாற்றினால் புது மேனிஃபோல்டு, புது லிங்கேஜ், பொருந்தாத ஜெட் என்று இன்னும் பல புதுச் சந்தேகங்களோடு அதே 80 கி.மீ. வேகத்தில் அதே இடத்தில் நிற்பீர்கள். எஸ்யூவில் நகரும் பாகங்கள் மிகக் குறைவு, ஒழுங்காக அமைத்துவிட்டால் நீண்ட காலம் தொட வேண்டியதில்லை. இந்த வண்டிக்கு இரட்டை எஸ்யூ போல இயல்பாகப் பொருந்துவது வேறில்லை என்று நான் நினைக்கிறேன், தயவுசெய்து கழற்றி விற்றுவிடாதீர்கள்.

பழைய பம்ப்பை மாட்டிச் சொட்டு நின்றபின், பாதி டேங்க் பெட்ரோலோடு, வண்டி குறைவான ஒரு ரோட்டில், ஓரம் கட்ட இடமிருக்கிற பாதையாகப் பார்த்து, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். நீங்கள் ஓட்டுங்கள், அவர் டேக்கோமீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். முள் எப்படி விழுந்தது, பம்ப் எப்படி அடித்தது, மூடியைத் திறந்தபோது காற்று இழுத்ததா, கேனில் நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு வந்தது, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். அதற்குள் ஒரு பாகமும் புதிதாக வாங்க வேண்டாம்.